தலைகள் திரும்பிய பக்கம்

ரோஜாச் செடியில் இருந்த ஏழு பொறிவண்டுகளும் ஒரே பக்கம் தலை வைத்து அசையாமல் நின்றன. பல் டாக்டரம்மா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு முன் தங்கை போனதிலிருந்து கிளினிக்கைத் திறக்கவில்லை. தங்கை எழுதிவந்த பூச்சி நோட்டைத் தொடர்வது ஒன்றுதான் வேலை. ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. காலையில் தோட்டம், சாயங்காலம் ஏரியைச் சுற்றி ஒரு நடை.

அன்று சாயங்காலம், ஈர மண்ணும் அழுகிய இலையும் மணக்கும் ஏரிப் பாதையில், நாணல் நுனியில் இறக்கை விரித்திருந்த தட்டான்களும் வேலிக் கம்பியைப் பற்றியிருந்த வெட்டுக்கிளிகளும் அதேபோல ஒரே பக்கம் பார்த்து நின்றன. காற்றுக்காக இருக்குமென்று நினைத்தாள். காற்றே இல்லை. அக்கரைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே தலைகள் தண்ணீரைப் பார்த்திருந்தன. தண்ணீருக்கு அப்பால் அவள் வீட்டு ஓடு தெரிந்தது.

அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

"இன்னும் பூச்சிங்களுக்கு அட்டெண்டன்ஸ்தான் எடுத்துட்டிருக்கியா?"

"எல்லாம் நம்ம வீட்டையே பாக்குதுண்ணே."

அவன் சிரிப்பு நின்றது. "நான் கிளம்பி வரேன். அதுவரைக்கும் உள்ள போகாத."

போனாள். பயம் வேறு யாருக்கோ வந்தது போல எங்கேயோ தூரத்தில் இருந்தது.

தங்கையின் அறையைத் திறந்ததும் பூட்டிவைத்த வீச்சமும், அடியில் அவள் கடைசி நாட்களில் தடவிய தைலத்தின் வாசனையும் முகத்தில் அடித்தன. சுவரெங்கும் அந்துப்பூச்சிகள். திரைச்சீலையில் வண்டுகள். தரையில் எறும்புகள், நகராமல். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எல்லாத் தலைகளும் காலிக் கட்டிலைப் பார்த்திருந்தன.

பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினாள். நாற்பது. எழுபது.

கட்டில் முனகியது.

தலைகள் திரும்பின. ஒன்றாக. மெல்ல.

கட்டிலின் ஓரத்துக்கு. பிறகு அலமாரிக்கு.

நின்றன.

மறுபடியும் திரும்பின. நாற்காலி. கதவு.

பிறகு அவள் பக்கம்.

அவளை இல்லை. அவள் இடது தோளுக்குச் சற்று மேலே.