மீன் தொட்டிக்கு ஒரு வாளி மண்

“அந்த வாளியைக் கொஞ்சம் கீழ வையுங்கோ, பாப்பம்!”

கஜந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. உவர்மலை ஏற்றத்தில், பாதி கட்டிய வீட்டின் முன் குவித்திருந்த ஆற்று மண்ணருகே, கையும் வாளியுமாக அகப்பட்டுக்கொண்டாள். கேட்டவன் படியில் நின்றான். தூறல் துளிகள் அவன் இமைகளில் தங்கியிருந்தன. நல்ல கண்கள்... ஆனால் என்ன முறைப்பு!

“மேசனிட்டைக் கேட்டுத்தான் அள்ளினனான்.”

“மண் என்ரை. என்னத்துக்கு இது?”

“மீன் தொட்டிக்கு. கல்லைக் கிண்டிக் கிண்டி என்ரை மீனுகளுக்கு மீசை தேயுது.”

“கடற்கரையிலை இல்லாத மண்ணோ?”

“அது உப்பு. இந்த மீன் தாங்காது.”

முறைப்பு உடைந்து சிரிப்பு வந்தது. “மீசைக்காக எண்டாக் கொண்டு போங்கோ. வளந்தாப் படம் அனுப்புங்கோ.”

நம்பரையும் வாங்கிக்கொண்டான், கெட்டிக்காரன்! பெயர் தனஞ்சயன். தங்கைக்குச் சீதன வீடு கட்டுகிறானாம். அதைக் கேட்டதும் கஜந்தியின் மனம் சுருங்கிப்போனது. ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க அவள் அப்பாவால் ஏலாது. அவரே வாடகை வீட்டில் இருப்பவர். வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியோடு திரும்பிப் போயின. இவனை மட்டும் நினைத்து என்ன ஆகப் போகிறது...

ஆனாலும் படம் அனுப்பினாள். கலங்கல் போகும்வரை கழுவிப் போட்ட மண்ணில் மீன்கள் முகம் புதைத்து இரை தேடும் படம். அவனும் ஆசைப்பட்டு ஒரு தொட்டி வாங்கினான். கொஞ்ச நாளில் போன் வந்தது. “ஒருக்கா வாங்கோ. தொட்டி கூழ்முட்டை மாதிரி நாறுது!”

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தொட்டியில் ஒரு சாண் மண்ணை நனைத்து, மட்டப்பலகையால் அடித்து இறுக்கி வைத்திருந்தான். கண்ணாடியோரம் மண் கறுத்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“உதென்ன, வீட்டுக்கு நிலமோ இறுக்கினீங்கள்?”

“இறுகினாத்தானே நல்லம்...”

“காத்துப் போகாட்டிக் கீழ அழுகும். முதல்லை மீனை எடுங்கோ. கிண்டினா நஞ்சு கிளம்பும். மண் ரெண்டு விரல் உயரம் இருந்தாக் காணும். பிறகு கிழமைக்கு ஒருக்கா மேலோட்டமாக் கிளறி விடுங்கோ.”

இருவரும் முழங்கை வரை நனைந்து மண்ணை வாரினார்கள். விரல்கள் ஒருதரம் பட்டன... கஜந்தி தலையை நிமிர்த்தவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா குணேஸ்வரிக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் கேட்டாள். “பிள்ளைக்கு வீடு ஏதும் கட்டி வைச்சிருக்கினமோ?”

கஜந்தி கையைக் கழுவினாள். “இல்லை அன்ரி. இனியும் கட்ட ஏலாது. நான் வாறன்.”

“நில்லுங்கோ!” தனஞ்சயன் குறுக்கே வந்து நின்றான். “அம்மா, தங்கச்சிக்கு வீடு கட்டி நான் முறிஞ்சது உங்களுக்குத் தெரியும். இன்னொரு அப்பாவை அப்பிடி முறிய விட்டுட்டு நான் மாப்பிள்ளையாப் போகமாட்டன்.”

குணேஸ்வரி கஜந்தியின் ஈரக் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். பிறகு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள்.

“எனக்கு உங்களிலை சரியான விருப்பம், கஜந்தி. வாடகை வீட்டிலை இருப்பம். உங்களுக்கு...?”

இவ்வளவு நாளும் எந்த வாசலில் நின்றாலும் குனிந்தே பழகிய தலை. இப்போது நிமிர்ந்தது. கண் கலங்கி அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

“அப்பாட்டை வந்து கேளுங்கோ. நான் ஏற்கெனவே ஓம் எண்டுட்டன் எண்டும் சொல்லுங்கோ.”