ஒரு நிமிடம் முன்னால்

மாலை நான்கு மணிக்கு, சிற்றலை வானொலி எங்கெல்லாம் எட்டுமென்று கணிக்கும் அவளுடைய மென்பொருள் ‘நூறு சதவீதம்’ என்று காட்டியது. அவள் எழுதிய நிரலில் அந்த எண் வரவே முடியாது. வானத்தை நம்பி யாரும் அடித்துச் சொல்லக் கூடாதென்று தொண்ணூற்றொன்பதிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அதிலும் இன்றைக்கு! காலையில் சூரியன் சீறியதில் மேல்வானம் குலைந்து, சிற்றலை எதுவும் எங்கும் போய்ச் சேராதென்று உலக வரைபடம் முழுக்கச் சாம்பல் நிறமாகிக் கிடக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக எரிந்தது. தம்பி வேலை பார்க்கும் தீவு. அங்கே வானிலை நிலையத்தில் இருந்தான்.

வானொலிக் கருவியைப் போட்டாள். வழக்கமான இரைச்சலோ, கீச்சொலியோ, எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சடசடப்போ இல்லை. சூடேறிய தூசியின் வாசனை மட்டும் மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து, காதோடு வாய் வைத்துப் பேசுவதுபோல் அவன் குரல்.

“என்னக்கா இப்படி இருமுற? மாமா மருந்து வாங்கித் தரலையா?”

அவள் இருமவில்லை. பேசும் பொத்தானைக்கூட இன்னும் அழுத்தவில்லை.

“யாருடா இருமினா? விளையாடாத.”

சொல்லிச் சற்று நேரத்தில் தொண்டை கரகரத்தது. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

“ஐயோ, என்னக்கா உடைஞ்சுது?”

மேசையில் கண்ணாடித் தம்ளர் முழுதாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, எதற்கும் பத்திரமாக எடுத்து வைக்கலாமென்று தம்ளரைத் தூக்கினாள். விரல் வழுக்கியது.

சில்லுகள். அவன் கேட்டதிலிருந்து சரியாக ஒரு நிமிடம்.

“அக்கா!” அவன் குரல் நடுங்கியது. “இப்பதானே கத்தலடான்னு சொன்ன? அப்புறம் ஏன் இப்படி அலறுற? கதவு திறக்குற சத்தம் கேட்டுதே, யாரு அங்க?”

“நான் கத்தலடா!” என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“அக்கா, ஏதாவது பேசு. அக்கா...” அவன் அழ ஆரம்பித்தான்.

வீட்டில் அவள் ஒருத்திதான். கணவன் வர இரவாகும். எழுந்து ஓடினாள். சில்லு குத்தியது. நிற்கவில்லை. கதவைத் தாழிட்டாள்.

இன்னும் இருபது நொடி.

கத்தக் கூடாது. எதைப் பார்த்தாலும் கத்தக் கூடாது. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

பத்து.

உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு மெல்லத் திறந்தது.

பொத்திய கைகளுக்கு அடியில், அவள் வாயும்.