இடது எஞ்சினுக்குக் கீழே

பசை மாமா அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது மாற்றுச் சட்டை ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. காற்றடிக்கும் கம்ப்ரஸர் இருந்தது, பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ் இருந்தது, பிஸ்கட் டின் நிறையப் பெயிண்ட் புட்டிகள் இருந்தன. ஒரு முழ நீளத்தில், பிரைமர் மட்டும் அடித்த சாம்பல் நிற விமானம் ஒன்று பஞ்சு சுற்றி அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. வழி நெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போய், நொண்டிக்கொண்டே படியேறினார்.

பஸ் பணிமனையில் எஞ்சின் பிரிப்பது அவர் பிழைப்பு. சின்னச் சின்ன விமானங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்துவது அவர் பைத்தியம். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். விரலிடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும் என்பதால் அக்கா மகள் சின்ன வயதில் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

"புதுசைப் பழசாக்கறதுக்கு ஆறு நாள் லீவா மாமா? என்கிட்ட குடுத்திருந்தா ரெண்டே நாள்ல ஆக்கியிருப்பேனே."

அவள் சொன்னதில் பாதி உண்மை. பளபளவென்று வெள்ளை அடித்து நிறுத்தினால் அது கடை ஜன்னலுக்குத்தான் ஆகும். நிஜ விமானம் என்றால் புகைக்குழாயின் பின்னால் கரி படிந்திருக்கும், சக்கரத்தில் சேறு இருக்கும், எஞ்சின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருக்கும். அந்த அழுக்கை அதற்குரிய இடத்தில், அதற்குரிய திசையில் வைப்பதுதான் வித்தை. பறக்கும்போது ஒழுகிய எண்ணெய் காற்றில் இழுபட்டுப் பின்பக்கமாக ஓடும், நிற்கும்போது ஒழுகியது நேராகக் கீழே இறங்கும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார். அவள் கொட்டாவி விட்டாள்.

செய்ய வந்தது அத்தான் ஓட்டிய விமானம். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாலு மூட்டைத் தபாலோடு தனியாகக் கிளம்பியவர், மலையில் மோதி எரிந்துபோனார். இடது எஞ்சின் நின்றிருக்கிறது, சமாளிக்கத் தெரியாமல் அவசரப்பட்டிருக்கிறார், பைலட்டின் தவறு என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். வேலையில் உயிர்விட்டவர்களின் படங்களை விமானக் கம்பெனிக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். அதில் அத்தான் படம் மட்டும் இல்லை. அக்காவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அவருக்கு எதுலயும் அவசரம்தான். சோறு ஆறக்கூட விடமாட்டாரு. அந்த அவசரத்துலதான் போய்ச் சேந்தாரு" என்பாள், யார் கேட்டாலும்.

மகள் பிடிவாதமாகக் கேட்டதால்தான் இந்த விமானம். அதைப் பார்த்துச் செய்ய ஒரே ஒரு படம் உண்டு, அதை வீட்டுக்கு வெளியே கொடுக்க அக்காவுக்கு மனமில்லை. ஆகவே அத்தானின் அறையிலேயே மேசை போட்டுக் கொடுத்துவிட்டாள். வெயில் நேராக வந்து விழும் அறை. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் உள்ளே காற்றுக்கூடப் பழசாக இருந்தது. சுவரில் அத்தான், விமானத்தின் மூக்கில் ஒரு கையை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பசை மாமா நாற்காலியை அந்தப் படம் கண்ணில் படாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. வெள்ளை ஏறியது, நீலப் பட்டை ஏறியது, எழுத்துகளை ஒட்டி அதன்மேல் வார்னிஷும் அடித்தாயிற்று. மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் இடது எஞ்சினுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை.

"சனியன்" என்றார்.

அழுக்கேற்றும் வேலையை அவர் இன்னும் தொடங்கவே இல்லை. பஞ்சில் தின்னரைத் தொட்டுத் துடைத்தார், போய்விட்டது. கூடவே வெள்ளையும் போய்விட்டது. அந்த இடத்துக்கு மறுபடி வெள்ளை, மறுபடி வார்னிஷ். காபி குடித்துவிட்டு வந்தால் கறை அதே இடத்தில் இருந்தது.

கம்ப்ரஸர்தான் எண்ணெய் துப்புகிறது என்று முடிவுகட்டி அதைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. தின்னரை மாற்றினார். ஏர்பிரஷை மூன்று தடவை கழுவினார். ஒவ்வொரு தடவையும் கறை திரும்பி வந்து உட்கார்ந்தது. கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோய், சொன்னதையே திருப்பிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

"யாராவது உள்ள வந்து இதைத் தொட்டீங்களா?" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.

"உன் சாமானைத் தொடணும்னு எங்களுக்கு என்னடா வேண்டுதலா?" என்று சமையலறையிலிருந்து அக்கா திருப்பிக் கத்தினாள்.

நான்காம் நாள் அக்கா மகள் வேலைக்குக் கிளம்பும்போது அறைக்குள் எட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கே. ஆனா மாமா, இது பின்னாடி ஓடாம நேரா கீழ இறங்குதே? அப்போ நிக்கும்போதே ஒழுகியிருக்கா?" என்றாள்.

கொட்டாவி விட்டவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்!

"போ, பஸ்ஸை விட்டுடப் போற" என்று அவளைத் துரத்தினார். அவள் போன பிறகு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒரு சென்டிமீட்டர். விமானமோ நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் நிஜத்தில் ஒரு முழ நீளக் கறை.

அந்த ஒரு முழம் அவருக்குத் தெரியும்.

தெரியாதது போல் எழுந்தார். பெயிண்ட் என்றால் கீழ்நோக்கித்தான் வழியும், அவ்வளவுதானே? கறையைத் துடைத்து வெள்ளை அடித்து, விமானத்தைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். இப்போது சக்கரங்கள் கூரையைப் பார்த்தன. ஜன்னலைச் சாத்தினார், கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் கதவைத் திறந்தார்.

கறை வந்திருந்தது.

சக்கரங்களை நோக்கி.

மேல்நோக்கி.

ஒரு சொட்டு, சக்கரத்தின் கம்பி வரைக்கும் ஏறிப்போய் அங்கே பளபளத்துக்கொண்டு நின்றது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். பெயிண்ட் நாற்றமும் இல்லை, தின்னர் நாற்றமும் இல்லை. ஓடி நின்ற எஞ்சினின் எண்ணெய் வாடை. இருபது வருடமாக அதில்தான் குளித்திருக்கிறார், அவருக்குத் தெரியாதா? பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து, சூடான இரும்பு ஆறும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது.

டிக்.

டிக்.

அந்தக் கம்பெனியில் அப்போது மெக்கானிக்காக இருந்தது பசை மாமாதான். வேலை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். அன்று காலை பசை மாமா தாமதமாக வந்தார். இடது எஞ்சினுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு எண்ணெய் இறங்கியிருந்தது. எழுதி வைத்தால் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மூன்று மணி நேரம் விமானம் நிற்கும், நீ ஏன் நேரத்துக்கு வரவில்லை என்ற கேள்வியும் வரும். கைக்கெட்டிய ஒரு கிளிப்பை இறுக்கிவிட்டு, கறையைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார். கிளம்புவதற்கு முன்னால் அத்தான் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"சுத்தமா வச்சிருக்கேடா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார்.

விமானம் முழுக்க எரிந்துபோனதால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் பசை மாமாவும் சொல்லவில்லை. பதினோரு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

நாற்காலியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

"என்ன அத்தான் வேணும் உங்களுக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நான் சொல்லிட்டா அக்கா என் முகத்துல முழிப்பாளா? எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். கறைதானே வேணும்? இருக்கட்டும். ஆனா என் இஷ்டப்படிதான் இருக்கும்."

மறுநாள் அவர் கறையைத் துடைக்கவில்லை. மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, ஈரமாக இருந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் இழுத்தார். காற்றில் இழுபட்ட மாதிரி, பறக்கும்போது ஒழுகிய மாதிரி. வாழ்நாளில் அவர் செய்த அழுக்கு வேலையிலேயே அதுதான் அச்சு அசல். அதைப் பார்க்கிறவர்கள் வானத்தில்தான் கசிவு தொடங்கியது என்பார்கள், தரையில் நின்ற யாரையும் குறை சொல்லமாட்டார்கள். கறையும் சொன்ன பேச்சைக் கேட்டுப் படிந்தது, மதியத்துக்குள் காய்ந்தது. மேலே மங்கல் வார்னிஷ் அடித்து மூடிவிட்டு, ஐந்து நாளில் முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் காலையில் விமானத்தைக் கூடத்து அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அவரு இறங்கி வந்துடுவாரு போல இருக்குடா" என்றாள். பிறகு குனிந்தாள். "இங்க என்ன, இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"அது எண்ணெய்க்கா. பறக்கும்போது ஒழுகினது. கீழ இருந்த யாரும் பாத்திருக்க முடியாது."

"யாரும் பாத்தாங்களான்னு நான் கேக்கலையே."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தாள்.

"கடைசில இந்த அழுக்கோடவா அவரு நிக்கணும்? துடைச்சு விட்டுடறேன்."

துண்டு இடது எஞ்சினுக்குக் கீழே போனது.

காய்ந்துபோன கறை நகர்ந்தது. பின்பக்கம் இழுத்துவிட்ட கோடெல்லாம் சுருங்கி, வார்னிஷுக்கு அடியிலேயே நேராகக் கீழே இறங்கியது.

"துடைக்காதக்கா!"

அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் தனக்குத்தானே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அது வெளியே வந்த பிறகு மற்றதையும் நிறுத்த முடியவில்லை. தாமதமாக வந்தது, பார்த்தது, துடைத்தது, கையெழுத்துப் போட்டது, முதுகில் விழுந்த அந்தத் தட்டு எல்லாவற்றையும் அக்காவின் காலடியில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்தார்.

அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை.

"அவசரக்காரருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா" என்றாள். "பெத்த பொண்ணுகிட்டயும் அப்படித்தானே சொல்லி வளத்தேன்."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ கிளம்பு" என்றாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அத்தான் அடங்கிவிடுவார் என்று நினைத்தார். நினைப்பதற்கென்ன!

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"விமானத்துக்குக் கீழ ஒரு கிண்ணம் வச்சேன். எண்ணெய் சொட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாளும் ஒன்பது மணி. "இன்னிக்கும் இருக்கு." அதற்கு அடுத்த நாளும். வேறு பேச்சே இல்லை. பணிமனையில் பத்துப் பேர் நடுவில், கிரீஸ் கையோடு அந்த ஒற்றை வரியைக் கேட்டுக்கொள்வார். எடுக்காமல் விட்டால் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். "தூக்கி உள்ள வச்சிடேன்க்கா, இல்ல என்கிட்டயாவது குடுத்துடு" என்று ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார். "இருக்கற இடத்துல இருக்கட்டும்" என்றாள்.

இன்று காலை போனை எடுத்தபோது அக்கா உடனே பேசவில்லை. அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"என்னக்கா?"

"கிண்ணத்தைக் கையில எடுத்தேன்டா" என்றாள், யாரோ பக்கத்தில் தூங்குவது போலத் தணிந்த குரலில். "எண்ணெய் சூடா இருக்கு. கை வைக்க முடியல."