ஜிம்மிக்குப் பல் வைத்த கதை

எடைத்தடை காலை ஒன்பது மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். எட்டே முக்காலுக்கே எடையைப் பிடுங்கிவிட்டார்கள். நெய்தல் வளையத்தில் என்றைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு எதையாவது செய்தார்கள்?

நிலவுக்கு அப்பால் பெரிய சக்கரம்போலச் சுழன்றுகொண்டிருக்கும் ஊர் அது. சுழற்சி இருக்கும்வரைதான் உள்ளே இருப்பவர்களுக்கு எடை இருக்கும். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று சொல்லிச் சுழற்சியைக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஆறாயிரம் பேரும் ஒட்டுச்செருப்பு போட்டுக்கொண்டு, நிர்வாகத்தைத் திட்டியபடியே நடமாட வேண்டும். மூடி போடாவிட்டால் சாம்பார் பாத்திரத்தை விட்டு எழுந்து கூரைக்குப் போய்விடும்.

அமலோற்பவம் வீட்டில் அன்றைக்கு எழுந்தது மை. கிண்ணத்திலிருந்த கறுப்பு மை உருண்டை உருண்டையாக மிதந்து அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"நாசமாப் போவானுவ! கால்மணி நேரம் பொறுக்க மாட்டானுவளா?" என்று கத்திக்கொண்டே ஒரு பழைய துணியால் அதை வளைத்துப் பிடித்தாள்.

அவளுக்கு அறுபத்தாறு வயது. வளையத்தின் அறிவிப்புப் பலகைகளை எழுதுகிறவள். 'கசிவுக் கதவு', 'இங்கே மிதக்காதீர்', 'எடைத்தடை நேரத்தில் குழந்தைகளைக் கட்டி வைக்கவும்' எல்லாம் அவள் கைவண்ணம்தான். முப்பது வருடமாக அதே எழுத்து, அதே அம்புக்குறி. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார்கள்.

காரணம் கபடி. பதினோரு வளையங்களுக்கு இடையே நடக்கும் பெரிய போட்டிக்கு நெய்தல் பெண்கள் அணி அந்த வருடம்தான் தேறியிருந்தது. சட்டையின் முதுகில் விலங்குச் சின்னம் இல்லாத அணியைக் களத்தில் இறங்க விடமாட்டார்கள். குறிஞ்சி வளையத்துக்குப் புலி, பாலை வளையத்துக்குப் பருந்து, மருத வளையத்துக்கு எருமை. நெய்தலுக்குச் சுறா வைத்துவிட்டுப் போகலாமே என்றால், அங்கேதான் கண்டசாட்சி விதி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

வளையங்களில் பிறந்த பிள்ளைகள் எந்த விலங்கையும் கண்டதில்லை. முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பசுவுக்கு ஆறு கால் வரைய, ஆசிரியையும் சரி போட்டுவிட்டார். அதனால் எழுந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. பொது இடத்தில் ஒரு விலங்கின் படத்தை வைப்பதானால், அதைப் பூமியில் உயிரோடு கண்ட ஒருவர் 'இப்படித்தான் இருந்தது' என்று சாட்சி சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. நினைவொப்பு என்ற சின்ன வில்லையை நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். படத்தைப் பார்த்ததும் மூளையில் கிடக்கும் பழைய பதிவு எவ்வளவு தூரம் 'ஆமாம், இதுதான்' என்று துள்ளுகிறது என்பதை அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். தொண்ணூறு தாண்டினால்தான் முத்திரை.

நெய்தலில் விவரம் தெரிந்த வயதில் பூமியைக் கண்டவள் என்று மிஞ்சியிருந்தது அமலோற்பவம் ஒருத்திதான். ஒன்பது வயதில் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். சுறாவைக் கண்டதுண்டா என்று கேட்டதற்கு, "புட்டு வச்சுத் தின்னுருக்கேன்" என்றாள். அது சட்டப்படி செல்லாது.

"நாய் வரையட்டுமா? எங்க தெருவுல ஜிம்மின்னு ஒண்ணு இருந்துச்சு" என்று அவளே கேட்டாள்.

ஜிம்மியை அறியாதவர் வளையத்தில் கிடையாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பாயசம் முடிந்ததும் அமலோற்பவம் ஜிம்மி கதையை எடுத்துவிடுவாள். செம்பட்டை நிறம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சந்தின் வாசலில் தினமும் அவளுக்காகவே காத்துக் கிடக்குமாம். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு வேனுக்குப் பின்னாலேயே உப்பளம் வரைக்கும் ஓடி வந்ததாம். அந்த இடத்தில் அவளுக்குத் தொண்டை அடைக்கும். கேட்பவர்களுக்கும் அடைக்கும்.

அப்பா, அம்மா, அண்ணன் யாரும் இப்போது இல்லை. அந்தத் தெருவே கடலுக்குள் போய்விட்டது. ஜிம்மி அவள் தலைக்குள் மட்டும்தான் மிச்சம். அவள் போனால் அதுவும் போய்விடும். ஒரு சட்டையின் முதுகிலாவது அது உள்ளபடி இருக்கட்டுமே என்ற ஆசையில்தான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டாள்.

வரைந்தாள். தொங்கிய காது, நீட்டிய நாக்கு, ஆடுகிற வால், பார்த்தாலே உருகவைக்கும் கண். வில்லையை ஒட்டிக்கொண்டு பார்த்தால் கருவி நாற்பத்தொன்று என்றது.

"இதுக்கும் எடைத்தடை போல" என்று சொல்லிக் கருவியைத் தட்டினாள். மறுபடியும் நாற்பத்தொன்று.

அன்று சாயங்காலம் எடை வந்ததும் கபடிக் கழகச் செயலாளர் வியாகுலம் படத்தைப் பார்க்க வந்தான். வாழ்நாளெல்லாம் உயிர்வளிக் குழாய்களைப் பழுது பார்த்தவன். அணித்தலைவி இசக்கியம்மாவும் கூட வந்தாள். இருபத்திரண்டு வயது, இரும்புத் தொடை. இருவருமே வளையத்தில் பிறந்தவர்கள்.

"யக்கா, அருமை! உங்க கையக் கண்ணுல ஒத்திக்கிடணும்" என்றான் வியாகுலம். படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தான், தூர வைத்துப் பார்த்தான், தலைகீழாகவும் பார்த்தான். "ஒரேயொரு சின்ன மாத்தம் மட்டும்..."

படம் வரைந்து பிழைக்கிற எவரும் இந்த வாக்கியத்துக்கு இதுவரை தப்பியதில்லை. பூமியை விட்டு வந்தவர்கள் காக்காயை விட்டுவிட்டு வந்தார்கள், மழையை விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்துவிட்டார்கள்.

"என்னத்த மாத்தணும்?"

"இது சிரிக்கில்லா? எதிர்க்கட்சிக்காரி பார்த்தா பயப்படணும். இதப் பார்த்தா மடியில வச்சுக் கொஞ்சத்தான் தோணுது."

"ஜிம்மி அப்படித்தான் இருக்கும்."

இசக்கியம்மா படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அத்தை, இது கடிக்குமா?"

"ஜிம்மியா? ஒருத்தரையும் கடிச்சதில்ல ஏட்டி. பச்சப்புள்ள மாதிரி."

"பின்ன எதுக்கு இதுக்குப் பல்லு?"

அமலோற்பவம் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குனிந்து கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டாள். சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டியதால் வந்த தழும்பு அங்கே இருந்தது. எடைத்தடை நாளென்றால் அரிக்கும்.

அடுத்த பத்து நாளும் மாற்றம்தான். கழகக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் நாயைக் கண்டதில்லை; ஏழு பேருக்கும் நாயைப் பற்றித் திடமான கருத்து இருந்தது. நாக்கை உள்ளே தள்ளச் சொன்னார் ஒருவர். காதை நிமிர்த்தச் சொன்னார் இன்னொருவர். ஒருவர் பிடரிமயிர் வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்றார். பொருளாளரின் மனைவிக்கு இறக்கை வேண்டியிருந்தது. வால் வேண்டாமே என்று ஒருவர் சொல்ல, வேண்டும் என்று ஒருவர் சொல்ல, பாதி வால் என்று சமாதானம் ஆனது. அமலோற்பவம் எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே சிரிக்கிற ஜிம்மியை இன்னும் கொஞ்சம் அழகாக வரைந்து கொடுத்தாள். எண் நாற்பதுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவே முனகிக்கொண்டிருந்தது.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது இசக்கியம்மா குழுக் கூட்டத்தில் எழுந்தாள்.

"அத்தை, ஆறு வருசமா மூச்சப் புடிச்சுப் பாடி ஏறிருக்கோம். போன வருசம் செல்வமேரிக்குத் தோள் இறங்கிப்போச்சு. அதோடயும் வந்து ஆடுனா. ஒரு படம் இல்லன்னு வெளிய நிறுத்திட்டா நாங்க எங்க போக?"

"அதுக்காவ என் ஜிம்மியப் பிசாசா ஆக்கச் சொல்லுதியா?"

"பல்லு மட்டுமாவது வைங்க அத்தை."

அமலோற்பவத்துக்குச் சுர்ரென்று ஏறியது. வில்லையை எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டாள். எண் காட்டும் திரையை எல்லாரும் பார்க்கும்படி மேசை நடுவில் திருப்பி வைத்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. நீங்க கேட்ட கழிசடையை இப்ப வரையுதேன். கருவி சுழியம் காட்டும். அதுக்கப்புறமாவது வாயப் பொத்திக்கிட்டு என் நாய என்கிட்ட குடுங்க."

உதட்டை மேலே சுருட்டிப் பல்லை வைத்தாள். ஐம்பத்தெட்டு.

குழுவில் யாரோ இருமினார்கள். அமலோற்பவம் திரையை முறைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கி வரைந்தாள். அறுபத்தொன்பது. தலையைத் தாழ்த்தினாள், முதுகு மயிரைக் குத்திட்டு நிற்க வைத்தாள். எண்பத்து மூன்று. கை இப்போது அவளைக் கேட்காமலே ஓடியது. வால் விறைத்தது. யாரும் கேட்காத ஒரு வேலையையும் கை செய்தது: இடது காதின் நுனியைக் கிழித்துவிட்டது.

தொண்ணூற்றாறு.

"காது கிழிஞ்சிருக்கே யக்கா, அத யாரு சொன்னா?" என்றான் வியாகுலம் மெதுவாக.

"யாரும் சொல்லல. எங்க அண்ணன் கல்லால எறிஞ்சான்."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கிட்டங்கிச் சந்தின் வாசலில் ஜிம்மி தினமும் காத்துக் கிடந்தது உண்மை. அதற்குப் பயந்து அவளும் அண்ணனும் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பள்ளிக்கூடத்தில் தினமும் முட்டி போட்டதும் உண்மை. நேரமாகிவிட்டதென்று ஒருநாள் சந்துக்குள் நுழைந்தபோதுதான் அது அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது. ஊசிக்குப் பயந்து அவள் அலறியது மருத்துவமனை வாசல்வரை கேட்டதாக அம்மா சொல்வாள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வேனுக்குப் பின்னால் ஜிம்மி ஓடி வந்தது. அது எந்த வேனைத்தான் விட்டது? அன்றைக்கு அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போ சனியனே! இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

ஐம்பத்தேழு வருடமாக அந்தச் சனியனுக்காகத்தான் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. அமலோற்பவம் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். கடித்த நாய்க்காக அழுதாளா, கடிக்காத நாய் போய்விட்டதே என்று அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு பேர் கொண்ட குழு முதல் முறையாக எந்தக் கருத்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

எண் தொண்ணூறைத் தாண்டினாலும், சாட்சியாக அவள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நாற்பத்தொன்றையும் தொண்ணூற்றாறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். இசக்கியம்மா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இப்ப எனக்கே பயமா இருக்கு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எனக்கும்தான் ஏட்டி" என்றாள் அமலோற்பவம். மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கீழே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிரிக்கிற படத்தைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முதுகில் உறுமும் ஜிம்மியோடு நெய்தல் அணி அந்த வருடம் அரையிறுதிவரை போனது. அதற்குப் பிறகு நான்கு முறை கோப்பையைத் தூக்கியது. பதினோரு வருடம் கழித்து, ஜிம்மியின் உருவத்தை ஆளுயரத்தில் அரங்க வாசலில் நிறுத்தி, அமலோற்பவத்துக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அப்போது அவளுக்கு எழுபத்தேழு வயது. பேச எழுந்தாள்.

"இந்தப் படத்த ஒரே உட்காருல வரைஞ்சேன்" என்று தொடங்கினாள். "அந்தக் காலத்துக் கழகக் குழுன்னா குழு. ஏழு பேரும் தங்கம். ஒரு கோடு மாத்துங்கன்னு ஒருத்தர் வாயத் தொறந்திருப்பாரா? கலைஞர் கைய மதிக்கத் தெரிஞ்ச மனுசங்க. இப்ப அப்படி யாரு இருக்கா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வியாகுலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினான். அவன் பக்கத்தில் இருந்த பழைய பொருளாளரும் ஆட்டினார். பொருளாளரின் மனைவி கைதட்டினாள்.

"ஜிம்மிக்குப் பாக்குறதுக்குத்தான் கோவம்" என்று அமலோற்பவம் தொடர்ந்தாள். "மனசு பச்சப்புள்ள. நான் ஊரைவிட்டுக் கிளம்புன அன்னைக்கு, பாவம், வேனுக்குப் பின்னாலயே ஓடி வந்துச்சு." அந்த இடத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்தது. அரங்கத்துக்கே அடைத்தது. இப்போது பயிற்சியாளராகிவிட்ட இசக்கியம்மா மேடைக்கு ஓடிவந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

விழா முடிந்து வியாகுலம் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனான். வளையத்துக்குப் புது இயந்திரம் வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது எடைத்தடையே கிடையாது. மூடி போடாத பாத்திரத்தில் சாம்பார் அதுபாட்டுக்கு அடங்கிக் கிடக்கிறது.

"என்ன இருந்தாலும் எடைத்தடை இருந்த காலம் மாதிரி வருமா யக்கா?" என்றான் வியாகுலம். "ஊரே சேர்ந்து மிதந்தோம். ஒருத்தர் முகத்துலயாவது சலிப்பு இருந்துச்சா?"

"அதச் சொல்லு தம்பி" என்று பெருமூச்சு விட்டாள் அமலோற்பவம். "நிர்வாகம்னா அதுல்லா நிர்வாகம்? ஒம்பது மணின்னு சொன்னா டாண்ணு ஒம்பது மணிக்குத்தான் நிறுத்துவான்."