ரூட்டுக்கு வந்த மெயில்

மூக்கம்மாளை அவள் கையில் கிடந்த பச்சைக் கண்ணாடி வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

மற்றதெல்லாம் கரி...

தாயில்பட்டிக்கு மேற்கே, கருவேலங்காட்டுக்குள், லைசென்ஸ் இல்லாத ஒரு தகர ஷெட். வெடித்த வெடியில் கூரை பறந்துபோய்ப் பனைமரத்தில் தொங்கியது. சிதறிக் கிடந்த பட்டாசுப் பெட்டி ஒன்றை இன்ஸ்பெக்டர் முத்துராமலிங்கம் குனிந்து எடுத்தார்.

வரிக்குதிரை லேபிள்!

சிவகாசி அய்யாதுரை கம்பெனியின் 2008 தீபாவளி டிசைன். அது இன்னும் பிரஸ்ஸுக்கே போகவில்லை. கம்பெனி சர்வருக்குள் பூட்டிக் கிடக்கிறது.

சாவி ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சுமைரா.

"யாருக்கும்மா வித்தே?"

முதலாளி ரூமில் வைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார். சுமைராவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு பொம்பளை கருகிச் செத்திருக்கிறாள். போலி லேபிள் ஒட்டிச் சம்பாதித்தவன் எவனோ ஊருக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறான். இவளுக்கு வெளியே ஜீப் நிற்கிறது.

"நான் விக்கல சார். எவனோ சர்வருக்குள்ள புகுந்து எடுத்திருக்கான்."

"எப்படிப் புகுவான்?" முதலாளியின் மச்சினன் ஸ்ரீராம்குமார் சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே குறுக்கே விழுந்தான். "ஓட்டை இருந்தா மெயில் வரும்னு சொல்லித்தானே ஒரு டூலைப் போட்டே? பத்துப் பக்கம் எழுதி வேற வச்சே. ஒரு மெயிலாவது வந்துச்சா? எல்லாம் டுபாக்கூர் சார். இவளே வித்துட்டு நாடகம் போடுதா."

சுமைரா பல்லைக் கடித்தாள். அந்தப் பத்துப் பக்கம் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. லினக்ஸ் சர்வருக்குப் புது அப்டேட் வந்தால், எந்த மென்பொருளுக்கு, என்ன ஓட்டையை அடைக்க என்று அந்த டூல் மெயிலில் சொல்லிவிடும். அதை எப்படிப் போடுவது, மெயில் யாருக்குப் போகணும் என்று பச்சைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். மே மாதம் அக்கா கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது சர்வர் படுத்துவிட, மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு மெயிலே வரவில்லை என்பதும் உண்மைதான். அப்டேட் இருந்தால் மட்டும் பேசுகிற டூல் அது. பேசவில்லையே, எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

"எனக்கு வரல. ஆனா எங்கயோ போயிருக்கணும். எங்க போச்சுன்னு பாக்கவிடுங்க சார். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

அவள் விரல்கள் கீபோர்டில் பொரிந்தன. மெயில் போன கணக்கு வரிசையாக ஓடியது. ஒன்றல்ல... டஜன் கணக்கில்! மே மாதமே வந்திருக்கிறது பெரிய எச்சரிக்கை. சர்வரின் சாவியை எவன் வேண்டுமானாலும் யூகித்து உள்ளே வரலாம், உடனே மாற்று என்று.

அத்தனையும் போன முகவரியைப் பார்த்தாள்.

வேன்ரூட்!

"அண்ணாச்சி... அந்த மதுரை இன்ஜினியர் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"

முதலாளி அய்யாதுரை நெற்றியைச் சொறிந்தார். "கேட்டாம்மா. ரூட்டை யாரு பாக்காகன்னு கேட்டான். நம்ம செல்லப்பாண்டின்னு சொன்னேன். ஏன், சரிதானே?"

சுமைராவுக்குச் சிரிப்பதா, தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. லினக்ஸில் 'ரூட்' என்றால் சர்வரின் சர்வாதிகாரி. சிவகாசியில் ரூட் என்றால் வேறென்ன? ஊர் ஊராய் ஆள் ஏற்றி வருகிற வேன் ரூட்தான்! ரூட்டைப் பார்ப்பவர் முகவரியைப் போடவும் என்று அவள் எழுதியதை, இன்ஜினியர் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறான். அண்ணாச்சியும் சுத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீராம்குமாரின் நாற்காலி ஆடுவதை நிறுத்தியிருந்தது.

செல்லப்பாண்டியைக் கூப்பிட்டார்கள். வேன் செக்‌ஷன் இன்சார்ஜ். காக்கி பேண்ட், காதில் பேனா. போலீஸைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

"செல்லப்பாண்டிண்ணே, உங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் வந்துச்சா?"

"வந்துச்சே தங்கச்சி. மேல ரூட்டுன்னு போட்டிருந்துச்சா, வேன் சமாச்சாரம்னு நெனச்சேன். உள்ள ஒரு எளவும் புரியல. ஸ்ரீராம் தம்பிகிட்ட காட்டினேன். இது ஒண்ணுமில்ல, வந்தா எனக்கு அனுப்பிவிட்டுட்டு அழிச்சிருங்க, யார்ட்டயும் சொல்ல வேணாம்னாரு."

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

சுமைரா ஸ்ரீராம்குமார் பக்கம் திரும்பினாள். "மெயிலே வரலைன்னீங்க?"

"அது... ஏதோ ஸ்பாம்னு..."

"ஸ்பாமை எதுக்கு அனுப்பச் சொன்னீங்க? அண்ணாச்சி உங்களுக்குச் சாவி தரல. எந்த ஓட்டையில நுழையலாம்னு என் டூலே உங்களுக்கு மாசக்கணக்கா பாடம் எடுத்திருக்கு. அதை வச்சு உள்ள வந்து லேபிளை எடுத்திருக்கீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஏய்... மரியாதையாப் பேசு. லேபிளை எடுத்து நான் என்ன செய்யப்போறேன்? எங்கிட்ட ஷெட்டா இருக்கு?"

செல்லப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"சார்... வேன் விசயம் ஒண்ணு இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"தாயில்பட்டிக்குப் புதுசா ஒரு ரூட் விடச் சொன்னாரு தம்பி. அண்ணாச்சிக்குத் தெரியவேணாம், கருவேலங்காட்டு முக்குல ஆளை எறக்கிவிட்டா போதும்னாரு." அவர் குரல் உடைந்தது. "அந்த மூக்கம்மா அந்த வேன்லதான் போவா சார். நேத்துக்கூட நாந்தான் முன் சீட்டுல ஏத்திவிட்டேன்."

ஸ்ரீராம்குமார் கதவை நோக்கிப் பாய்ந்தான்! வெளியே நின்ற கான்ஸ்டபிள் அவனை வாசலிலேயே வாரி அணைத்துக்கொண்டார். "மாமா, சொல்லுங்க மாமா" என்று அவன் அலறியதற்கு அய்யாதுரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுமைரா அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு பொம்பளைய உயிரோட கருக்கிட்டு, பழியத் தூக்கி என் தலையில வச்சே பாரு... நீயெல்லாம் வெளங்குவியா?"

அவன் தலை கவிழ்ந்தது. ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

இன்ஸ்பெக்டர் போகும்போது மன்னிப்புக் கேட்டார். அய்யாதுரையும் கேட்டார். மூக்கம்மாள் குடும்பத்துக்கு என்ன செய்வீக என்று சுமைரா நேராகவே கேட்டாள். கடைசிவரைக்கும் நான் பாக்கேன் என்று அவர் கையடித்துச் சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

அய்யாதுரையின் செல்போன் அலறியது. திரையைப் பார்த்தவர் முகம் வெளிறியது.

"வீட்டம்மாம்மா... தம்பியப் போலீஸ் புடிச்சிட்டுப் போனது தெரிஞ்சிருச்சு போல. நான் என்னன்னு சொல்ல?"

சுமைரா சர்வர் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அப்டேட் வந்திருந்துச்சு, வைரஸை எடுத்தாச்சு, அது உன் கூடப்பொறந்ததுங்கது இப்பத்தான் தெரியும்னு சொல்லுங்க அண்ணாச்சி!"