வைகுந்தன் என்று முடியும் பெயர்கள்

கணவர் வைகுந்தன் இறந்து எட்டு மாதமாகியும் காலை ஆறு மணிக்கு அவர் கடிதம் வந்துவிடும். “தமயந்தி, மாத்திரை போட்டியா?” என்று தொடங்கும். அவர் எழுதிவைத்ததையெல்லாம் படித்து, அதே நடையில் எழுதியது நினைவஞ்சல் எந்திரம். மகள் எழிலி வியாழன் கோளுக்குக் கலமேறும் முன், அம்மா தனித்துப் போகக்கூடாதென்று அதற்குச் சந்தா கட்டியிருந்தாள்.

அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் தமயந்திக்குப் பின்கழுத்தில் அவர் மூச்சு படுவதுபோலிருந்தது. தடுத்துப் பார்த்தாள். எந்திரம் நாளுக்கொரு முகவரியிலிருந்து எழுதியது.

மின்னஞ்சல் நிலையத்துப் பர்வீன் வழி சொன்னாள். “சார் பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி, பின்னாடி ஒண்ணு போடுறேன்க்கா. முன்ன பின்ன என்ன ஒட்டிக்கிட்டு வந்தாலும் வடிகட்டி பிடிச்சுக் குப்பையில போட்டுரும்.”

மறுநாள் காலை நிம்மதியாக விடிந்தது. ஆனால் எழிலியின் கடிதங்களும் நின்றுபோயின. அவ்வளவு தொலைவுக்குக் குரல் பேச்சு கிடையாது, கடிதம் மட்டும்தான். அப்பாவைத் தடுத்தது தெரிந்து கோபித்துக்கொண்டாள் என்று தமயந்தி நினைத்தாள். எழுத உட்கார்ந்தால் கை கூசியது. நாற்பது நாள் அப்படியே போயிற்று. அதற்குமேல் தாங்காமல் பர்வீனிடம் ஓடினாள்.

“ஐயோ அக்கா!” பர்வீன் தலையில் கைவைத்தாள். “எழிலி வைகுந்தன். புள்ள பேருலயும் அப்பா பேரு ஒட்டியிருக்கே!”

எழிலிக்கு மட்டும் வடிகட்டியில் விலக்குப் போட்டுவிட்டுக் குப்பையைக் கிளறினார்கள். ஆகக் கடைசிக் கடிதம் இப்படி இருந்தது: “அம்மா, ஒரு மாசம் பயமுறுத்திட்டே. இப்ப பத்து நாளா தினமும் எழுதுறே. சந்தோஷமா இருக்கு.”

“நான் ஒரு வரிகூட எழுதலியே பர்வீன்.”

பர்வீன் சந்தா விதிகளைத் திறந்து படித்தாள். குடும்பத்தில் யார் முப்பது நாள் மௌனமாக இருந்தாலும், அவருடைய பழைய கடிதங்களைப் படித்து அவர் சார்பில் எந்திரமே எழுதும்.

தமயந்தி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ‘அது நான் இல்லடி. இதுதான் நான்.’

மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. “அம்மா, சந்தேகமா இருந்துச்சு. தினம் வர்ற லெட்டர்கிட்டயும் கேட்டேன். அதுவும் இதையேதான் சொல்லுது. உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லேன்.”

எழிலிக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல், பள்ளி வாசலில் அழுதது, இருவரும் சண்டை போட்ட தீபாவளி. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் எப்போதோ மகளுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள்.