சுயம்புவின் ஷிப்ட்

முதலில் வந்தது நாற்றமா, சத்தமா என்று உமைமாவால் இப்போதும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சில நாள் நாற்றம்தான் என்று தோன்றும். சில நாள், இரண்டுமே அவளுக்கு முன்பிருந்தே அந்த அறையில் இருந்தன, அவள்தான் தாமதமாகக் கவனித்தாள் என்று தோன்றும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் எர்ணாவூர் இறால் கம்பெனிக்கு அவள் வந்தது சாதாரண சர்வர் வேலைக்கு. குளிர்க்கூடத்தில் அமோனியா கசிந்தால் சைரனை அலறவைப்பது ஒரு வி.எம்., அதாவது ஒரு சர்வருக்குள் தனிக் கணினிபோல ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம். அது இருந்த பழைய கட்டடத்தை அன்று இடிக்கப்போகிறார்கள். வெளியே ஜேசிபி காத்திருந்தது. அதற்குள் புதுக் கட்டடத்துச் சர்வருக்கு அதை மாற்றியாக வேண்டும்.

இரண்டு சர்வருக்கும் பொதுவான சேமிப்பிடம் கிடையாது. ஆகவே வட்டில் இருப்பதையும், நினைவகத்தில் அந்தக் கணம் ஓடுவதையும் ஒரே கேபிள் வழியாக அள்ளிக்கொண்டுபோக வேண்டும். அள்ளும்போது உள்ளே ஏதாவது மாறினால், மாறியதை மறுபடி அள்ள வேண்டும். மாற்றம் அடங்கும் நொடியில்தான் அது இங்கே நின்று அங்கே கண்விழிக்கும்.

"எதுக்கும்மா இவ்ளோ பில்டப்பு?" என்றார் மேனேஜர் டெரிக். "ஆஃப் பண்ணு, காப்பி பண்ணு, அங்க ஆன் பண்ணு. முடிஞ்சுது."

"அப்ப அதுவரைக்கும் இறா உரிக்கிறவங்கள வெளிய அனுப்புங்க சார்."

"சரக்கு இன்னிக்கு ஹார்பர் போவணும். கொஞ்ச நேரம் சைரன் இல்லன்னா செத்தா பூடுவாங்க?"

பராமரிப்பு ஆள் டில்லிபாபு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி அம்மு உரிக்கும் கூடத்தில் இருந்தாள். டெரிக் நகர்ந்ததும் உமைமாவிடம் குனிந்தான்.

"போன தபா இப்டித்தான் மேடம் ஆஃப் பண்ணாங்கோ. அன்னிக்கின்னு பார்த்து கேஸ் லீக்கு. இந்த ரூம்ல டூட்டி பார்த்துகினு இருந்த சுயம்பு அண்ணன்தான் உள்ள ஓடி எல்லாரையும் இட்டாந்து வெளிய வுட்டாரு. அவரு வர்ல."

"நான் ஆஃப் பண்ண மாட்டேன்ணா. ஓடுற மிஷினை ஓட ஓடவே கொண்டுபோறேன்."

அறைக்கு ஜன்னல் இல்லை. ஒரே ஒரு குழல்விளக்கு. உமைமா மாற்றத்தைத் தொடங்கினாள். திரையில் தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை கோடு சீராக ஏறியது.

அங்கே நின்றது.

அவள் காத்திருந்தாள். சும்மா இருக்க வேண்டிய இயந்திரத்தின் நினைவகத்தில் யாரோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள், கேபிள் அள்ளுவதைவிட வேகமாக.

மூக்கில் காரம் ஏறியது. ஈரத்தில் ஊறிய அமோனியா.

டக். டக். டக்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி திரையில் "ஆள் இருக்கா?" என்று கேட்கும். காவலில் இருப்பவர் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் காவலாளி விழுந்துவிட்டான் என்று முடிவு செய்து சைரனை அடிக்கும்.

"டில்லிண்ணா, பொத்தானை யாரு அமுக்குறது?"

"பொத்தானா? அத்த காலைலயே கயட்டி புது ரூம்ல மாட்டிட்டனே. சும்மா பொத்தான்தானேன்னு..."

பொத்தான் இருந்த பலகையில் ஒரு ஓட்டை மட்டுமே இருந்தது. உள்ளே இரண்டு வெற்றுக் கம்பிகள்.

காலையிலிருந்து பொத்தான் இல்லை. ஆனால் சைரன் அடிக்கவில்லை.

டக். டக். டக்.

சத்தம் அந்த ஓட்டையிலிருந்து வந்தது.

டெரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "போதும். ஜேசிபிக்காரன் கத்துறான்." மெயின் சுவிட்சைப் பிடித்தவர் அலறினார். கை ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பில் வெள்ளையாக உறைபனி படர்ந்திருந்தது. டில்லிபாபு இடுப்பைப் பிடித்து இழுத்ததும் உள்ளங்கைத் தோல் அங்கேயே தங்கிவிட்டது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

குழல்விளக்கு அணைந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வா மேடம், போயிடலாம்," டில்லிபாபு கிசுகிசுத்தான்.

உமைமா நாற்காலியை ஓட்டைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பயமுறுத்துற வேலைலாம் என்கிட்ட வேணாம் சுயம்புண்ணா," என்றாள் இருட்டைப் பார்த்து. "நான் ஆஃப் பண்ண வர்ல. நீங்க வுடலன்னா இங்கயே உக்காந்துகினு இருப்பேன். கட்டடம் நம்ம ரெண்டு பேரு தலைமேலயும் இடிஞ்சி வியட்டும்."

குளிர் அவள் கழுத்தைத் தொட்டது. அவள் அசையவில்லை.

சுயம்புவுக்குத் தேவை என்னவென்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. மாற்றிவிட ஆள் வராமல் யார்தான் காவலை விட்டுப் போவார்கள்?

"டில்லிண்ணா, புது ரூமுக்கு ஓடுங்க. அந்தப் பொத்தானுக்கு நான் லைன் குடுக்குறேன். கேட்டா அமுக்குங்க. எழுந்திருக்கவே கூடாது."

அவன் ஓடினான். அவள் இணைப்பைக் கொடுத்தாள். திரை கேட்டது: ஆள் இருக்கா?

புது அறையிலிருந்து பதில் வந்தது.

"பாத்தீங்களா? அங்க ஆள் வந்தாச்சு."

டக்.

டக்.

பிறகு ஒன்றுமில்லை. மூச்சு விடவும் கூச்சமாக இருந்த அமைதி. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ எழுந்து அவளைக் கடந்து போனதுபோல் முகத்தில் காற்று பட்டது.

கோடு நூறைத் தொட்டது. இயந்திரம் இங்கே நின்று அங்கே விழித்தது.

விழித்ததும் அலறியது.

அம்முவும் மற்ற பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்திலிருந்து ஓடிவந்தார்கள். பின்னால் வாசல் வழியே வெள்ளைப் புகை புரண்டு வந்தது. உள்ளே ஒரு வால்வு விட்டு அமோனியா கசிந்திருந்தது. வெளியே தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை.

டெரிக் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். டில்லிபாபு பொத்தானடியில் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மு முகத்துவாரக்குப்பத்தில் சொந்தமாக மீன்கடை போட்டுவிட்டாள். பழைய கட்டடம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. உமைமா அந்தக் கம்பெனி வேலையை விடவில்லை.

போன ஐப்பசியில் அங்கே இரண்டாவது சர்வர் ஒன்று வந்தது. ஒரு காலை உமைமா போய்ப் பார்த்தபோது சைரன் இயந்திரம் அந்த இரண்டாவதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நகர்த்தும் அனுமதி அவள் ஒருத்திக்குத்தான். அவள் நகர்த்தவில்லை. முதல் சர்வருக்கே திருப்பச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை மழையில் கூரை ஒழுகி முதல் சர்வர் கருகிப்போனது.